மாணிக்கத்தின் தோலும் ஒரு ஆங்கிலச் சொல்லும்

போன மாதம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் இப்போது இருக்கும் ஒரு நர்ஸ் பெண் பேசினாள்.

“மேடம், ஒடம்புல இருந்து தோல், உறுப்பு எடுக்கறத இனிமே ‘ஹார்வெஸ்ட்’னு சொல்லக் கூடாதாம். போர்டுல எழுதவும் கூடாதாம். ‘ரிட்ரீவல்’னுதான் சொல்லணுமாம். அந்த வார்த்தையக் கேட்டா குடும்பத்துக்காரங்க மனசு நோகுதாம். நீங்க இன்னா நெனைக்கிறீங்க?”

“நான் ரிடையர் ஆய்ட்டேன். நான் இன்னா நெனச்சா உங்களுக்கு இன்னா?” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்தேனே தவிர, அன்றிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சத்துவாச்சாரியில் எங்கள் வீடு சின்னது. கேட்டிலிருந்து பின்வாசல் வரை நடந்தால் வீடு முடிந்துவிடும். அதையே திரும்பத் திரும்ப நடக்கிறேன். “அம்மா, கொஞ்சம் உக்காருங்களேன், எனக்கே தலை சுத்துது” என்கிறாள் மருமகள். உட்கார்ந்தால் அந்தச் சொல்லும் கூடவே வந்து உட்காருகிறது. எழுதியாவது தொலைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். நான் பொறுமைசாலி இல்லை, எழுத்தும் அப்படித்தான் இருக்கும்.

நான் நாட்றம்பள்ளிப் பக்கம் பிறந்தவள். அப்பா நிலக்கடலையும் கேழ்வரகும் போடுவார், தண்ணீர் இருந்தால் நெல். பள்ளிக்கூடம் முடித்ததும் நர்சிங் படிப்பு. படிப்பில் என்ன கற்றேன் என்று கேட்டால் படுக்கை விரிக்கவும், திட்டு வாங்கவும், நின்றுகொண்டே தூங்கவும் கற்றேன் என்பேன். பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி தியேட்டரில் போட்டார்கள். மூக்கை அழகாக்கும் இடம் என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். எங்களிடம் வந்ததெல்லாம் தீக்காயம், வெந்நீர்க் காயம், தோல் கம்பெனி மெஷினில் மாட்டிக்கொண்ட கை.

அங்கே போன முதல் வாரத்தில்தான் அந்தச் சொல்லைக் கேட்டேன். காயத்தின் மேல் ஒட்டுவதற்காகத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுப்பதற்கு ‘ஹார்வெஸ்ட்’, அதாவது அறுவடை என்று பெயர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் வீட்டில் அறுப்பு என்றால் அடுப்பில் பெரிய சோறு, புது வைக்கோல் வாசனை, அப்பாவின் முகத்தில் வருடத்துக்கு ஒரு முறை வரும் சிரிப்பு. இங்கே ஒரு மனிதன் மயக்கத்தில் கிடக்கிறான், அவன் தொடைக்கு அந்தப் பெயரா? யார் விதைத்தது, யார் அறுக்கிறது? படித்தவர்களுக்கு வாய் கூசாதா என்று ஹாஸ்டலில் வந்து பொரிந்து தள்ளினேன்.

எங்கள் சீஃப் டாக்டர் எபினேசர். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. யாரையும் அதட்ட மாட்டார். தியேட்டரில் பேச்சு அதிகமானால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார். எல்லோரும் வாயை மூடும்வரை நிற்பார். அப்படி நிற்பதற்குப் பதில் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். வேலை தொடங்கும் முன் நோயாளியின் பெயரை ஒரு முறை சொல்லி, தொடையில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருப்பார். ஜெபமா, அளவு பார்ப்பதா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பிறகு, “சிஸ்டர், ஹார்வெஸ்ட்.” அவ்வளவுதான் அவர் பேச்சு.

உடனே நான் திரவ பாரஃபின் எண்ணெயைத் தொடையில் வழிய விட வேண்டும். உதவி டாக்டர் ஒரு மரப்பலகையால் தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடிப்பார், சீஃப் இன்னொரு பலகையை இடது கையில் வைத்துக்கொள்வார். நீளக் கத்தி, அதன் முன்னால் ஒரு உருளை. உருளைக்கும் கத்திக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தோலின் கனம். அந்த இடைவெளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார், திருகுவார், மறுபடி பார்ப்பார். கத்தி தொடையில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே மெதுவாகப் போகும். தோல் வெங்காயச் சருகு மாதிரி மேலே சுருண்டு வரும். அதைக் கிழியாமல் வாங்கி, எண்ணெய்த் துணியின் மேல், ஈரப்பக்கம் மேலே பார்க்கும்படி விரிப்பது என் வேலை. ஓரம் ஒரு நூல் மடிந்திருந்தாலும் சீஃப் பார்த்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார். பார்ப்பார், அது போதும்.

உடனே பயன்படாத தோலை உப்புநீரில் நனைத்த துணியில் சுருட்டி, மூடி போட்ட பெட்டியில் வைத்து, பெயர் எழுதி, வார்டு ஃபிரிட்ஜில் வைப்போம். குளிரில் அது இரண்டு வாரம் போலக் கெடாமல் இருக்கும். இன்றைக்குத் தோல் வங்கி வந்துவிட்டது, தனி அறை, தனி ஆள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது நோயாளிகளின் இன்சுலின் பாட்டில்களோடு பங்கு போட்டுக்கொண்ட ஒரு பழைய ஃபிரிட்ஜ்.

இனி பவித்ராவின் கதை.

பவித்ராவுக்கு ஏழு எட்டு வயது இருக்கும். ஆம்பூரிலிருந்து கொண்டுவந்தார்கள். குளிக்க வைத்திருந்த வெந்நீர் அண்டா சரிந்து, ஒரு தொடை தவிர இரண்டு கால்களும் முதுகும் ஆழமாக வெந்துவிட்டன. அவளுடைய அம்மா நிறைமாதக் கர்ப்பிணி, ஊரிலேயே இருந்தாள். அப்பா மாணிக்கம் மட்டும் கூட இருந்தார். பச்சைத் தோல் மண்டியில் உப்புப் போடுகிற வேலை அவருக்கு. ஆட்டுத் தோல் வந்து இறங்கியதும் விரித்து, கல்லுப்பைத் தேய்த்து, அடுக்கி வைக்க வேண்டும். உப்பு அறுத்த வெடிப்புகள் அவர் கை முழுக்க இருந்தன. பேச்சு குறைவு, கும்பிடு ஜாஸ்தி. வார்டு ஆயாவுக்குக்கூடக் கும்பிடு போடுவார்.

குழந்தையின் உடம்பில் நல்ல தோல் கொஞ்சமே மீதி இருந்தது. அதை எடுத்து எல்லாக் காயத்தையும் மூட முடியாது. எடுத்த இடம் ஆறி மறுபடி தோல் வளர்ந்தால், அதே இடத்தில் இன்னொரு முறை எடுக்கலாம். அதற்கு இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை வெந்த இடம் திறந்து கிடந்தால் கிருமி ஏறிப் பிள்ளை போய்விடும். நடுவில் மூடி வைக்க வேறு யாருடைய தோலாவது வேண்டும்.

சீஃப் மாணிக்கத்தை உட்கார வைத்துச் சொன்னார். “உன் தோல் அவ மேல நிரந்தரமா ஒட்டாது. கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் உரிஞ்சிடும். அதுக்குள்ள அவ தோல் வளர்ந்துடும். ஒரு போர்வை மாதிரி, அவ்ளோதான். சம்மதமா?”

“ஒட்டாதா சார்?”

“ஒட்டாது.”

“பரவால்ல சார். நிக்கிற வரைக்கும் நிக்கட்டும்.”

ரத்தம் சோதித்து, வலது தொடையிலிருந்து எடுத்தோம். குழந்தையின் தொடையில் இருந்த நல்ல தோலையும் எடுத்து, துண்டு துண்டாகக் கால்களில் பரப்பி, அதன் மேல் மாணிக்கத்தின் தோலில் பாதியை அன்றே போட்டோம். மீதி முதுகுக்கு. ஆனால் முதுகில் வெந்த தோலை முதலில் வெட்டி அகற்ற வேண்டும், பிள்ளைக்கு அன்றே அதைத் தாங்கும் தெம்பில்லை. சில நாள் பொறுத்துச் செய்யலாம் என்று மீதித் தோல் பெட்டிக்குப் போனது. பெட்டியில் மாணிக்கத்தின் பெயரை நான்தான் எழுதினேன்.

தோல் எடுத்த தொடை எப்படி வலிக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். வெந்த காயத்தைவிட அதுதான் எரியும் என்பார்கள். மாணிக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்தி வார்டுக்கும் வெளித் தாழ்வாரத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். “ஒக்காருய்யா” என்று நான் கத்துவேன். “ஒக்கார முடியல சிஸ்டர், பேஜாரா இருக்குது” என்பார். ஒரு நாள் மனைவியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆம்பூர் போய் அன்றே திரும்பிவிட்டார்.

முதுகுக்கான நாள் வந்தது. குழந்தையை மயக்கி, வெந்த தோலை அகற்றி, ரத்தத்தை நிறுத்தி எல்லாம் தயார். “சிஸ்டர், பெட்டி” என்றார் சீஃப். திறந்தேன். துணி விறைத்திருந்தது. பிரித்தால், உள்ளே தோல் சுருங்கி வெளுத்துக் காகிதம் மாதிரி கிடந்தது. மூலையில் கற்கள் மின்னின. கல்லுப்பு.

சீஃப் அந்தத் தோலை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். “முதுகை ஈரத் துணியால மூடுங்க. இன்னிக்கி இவ்ளோதான்” என்றார். திறந்த முதுகோடு அந்தப் பிள்ளையை வார்டுக்கு அனுப்பினோம். என் வேலைக்காலத்தில் நான் தள்ளிய ட்ராலிகளில் அதைப்போல் கனத்தது வேறில்லை.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே தாழ்வாரத்துக்குப் போனேன். மாணிக்கம் பெஞ்சில் இருந்தார்.

“பெட்டிய தொறந்தியா?”

எழுந்து கும்பிட்டார். “ஆமா சிஸ்டர். ஊருக்குப் போனப்ப உப்பு எடுத்துக்கினு வந்தேன்.”

“யாரக் கேட்டு போட்ட? அறிவிருக்குதா ஒனக்கு? பெத்த பொண்ணு உள்ள சாகக் கெடக்குது!”

“இல்ல சிஸ்டர், அத்தினி நாளா உப்பே இல்லாம கெடந்துது. பச்சத் தோலு உப்பு இல்லாம ஒரு நாளு தாங்காது சிஸ்டர். நான் பாக்காத தோலா? கெட்டுப்போனா பாப்பாக்கு இன்னா போடுவீங்க? யாரும் மறந்துட்டாங்களோன்னு நெனச்சேன். நல்லா சுத்தமான உப்புதான் சிஸ்டர், கழுவிக் காய வெச்சி எடுத்தாந்தேன்.”

நான் இன்னும் என்னென்னவோ சொல்லித் திட்டினேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆள் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அது என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

சீஃப் தொப்பியோடு வெளியே வந்தார். மாணிக்கத்தைத் தோளில் தொட்டு உட்கார வைத்து, தானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“மண்டியில உன் கைக்கு வர்றது செத்த தோல், மாணிக்கம். அது அழுகக் கூடாதுன்னு உப்பு போடுற. உன் வேலையில அது சரி. ஆனா பெட்டியில இருந்தது உயிரோட இருந்துது. உப்பு அதுல இருந்த தண்ணிய இழுத்துடுச்சு. உயிர் போய்டுச்சு.”

மாணிக்கத்துக்குப் புரிய நேரம் பிடித்தது. “என் ஒடம்ப விட்டு வெட்டி எடுத்த பொறவும் உயிரோடவா சார்?”

“ஆமா. அதனாலதான் அவ மேல போட முடியுது.”

மாணிக்கம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு அழுதார். சீஃப் எழுந்து போகவில்லை, அழுது முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “யார் வேணா தொறக்குற ஃபிரிட்ஜில வெச்சது ஆஸ்பத்திரி தப்பு சிஸ்டர். அதுக்கு இவரத் திட்டாதீங்க.” மறுநாளே தனி ஃபிரிட்ஜும் பூட்டும் வந்தன.

மாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இன்னொரு தொட இருக்குதே சார்?”

கேட்டவுடன் எடுத்துவிட முடியவில்லை. அவருக்கு உடம்பில் ரத்தம் கம்மி, முதல் தொடை ஆறவில்லை, லேசாகக் காய்ச்சல் வேறு. மயக்க மருந்து டாக்டர் தயங்கினார். இந்தப் பக்கம் பவித்ராவின் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. முதுகுத் துணியை மாற்றும்போதெல்லாம் கிருமி ஏறிப் பச்சையாகச் சீழ் படிகிறதா என்று பார்ப்பேன். அந்த இரண்டு மூன்று நாள் நான் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வார்டைச் சுற்றினேன். கடவுளோடு சண்டை போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாணிக்கத்தின் காய்ச்சல் இறங்கிய காலையில் அவரை மேசையில் கிடத்தினோம். “ஜாஸ்தியா எடுத்துக்கோங்க சார். மீதி இருக்கட்டும்” என்றார். “முதுகுக்கு வேண்டியது மட்டும்தான்” என்றார் சீஃப். முதுகின் அளவுக்குத் துணி வெட்டி, அதைத் தொடையில் வைத்துக் கோடு போட்டிருந்தார். பெயரைச் சொன்னார். உள்ளங்கையை வைத்தார். “சிஸ்டர், ஹார்வெஸ்ட்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், இதுக்கு எதுக்கு இந்தப் பேரு?” என்று கேட்டுவிட்டேன். உதவி டாக்டர் திகைத்து என்னைப் பார்த்தார். சீஃப் கத்தியின் இடைவெளியை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அத்தனை வருடத்தில் அவர் தியேட்டரில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அந்தச் சொல் முதலில் ஒரு வேலையின் பெயரே இல்லையாம். இங்கிலீஷ்காரர்கள் ஊரில் வெயில் தணிந்து குளிர் தொடங்கும் பருவத்தின் பெயராம். அதற்கும் முன்னால் போனால் பறிப்பது என்ற பொருளுள்ள ஒரு பழைய வேர். அந்தப் பருவத்தில் ஊரே வயலில் இருந்ததால் பருவத்தின் பெயர் விளைச்சலுக்கு வந்தது, விளைச்சலிலிருந்து வேலைக்கு வந்தது, பருவத்துக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். “அரிவாளால அறுக்கிறதுக்கு மட்டும் ‘ரீப்’னு தனிச் சொல் இருக்குது சிஸ்டர். ஹார்வெஸ்ட்னா அறுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்திரமா சேர்க்கிற வரைக்கும். வெட்டறது என் வேலை. மீதியெல்லாம் உங்க வேலை” என்றார்.

கத்தி அசைந்தது. சுருண்டு வந்த தோலை வாங்கி விரித்தேன். அறுத்த நெல் செத்த நெல் இல்லை, அதைத்தானே மறு வருடம் விதைக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் இருந்ததும் உயிருள்ளது. அன்றைக்கு ஒரு நூல்கூட மடியாமல் விரித்தேன். விரித்த கையோடு அதைக் குழந்தையின் முதுகில் வைத்தோம், பெட்டிக்கு வேலையே இல்லை.

இதனால்தான் அந்த நர்ஸ் பெண்ணுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இறந்தவர் உடம்பிலிருந்து இதயம், ஈரல், சிறுநீரகம் எடுக்கும்போது அந்தச் சொல் வேண்டாம் என்றால் நானும் ஆதரவாகக் கை தூக்குகிறேன். அங்கே எடுத்த இடத்தில் மறுபடி எதுவும் முளைக்காது, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் காதில் அறுவடை என்று விழுந்தால் வயிறு எரியாதா? ஆனால் தோல் வேறு. எடுத்த இடத்திலேயே மறுபடி வருகிறது. வயலில் இருந்து கடன் வாங்கிய சொல் தோலுக்குப் பொருந்தியது, பிறகு பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் போய்விட்டது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்வேன். போர்டில் எந்த இங்கிலீஷ் எழுதினாலும், பெட்டியில் இருப்பது உயிரோடு இருக்கிறது என்று மாணிக்கத்துக்குத் தமிழில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லை மாற்றுகிறவர்கள் அதையும் மாற்றட்டும்.

பவித்ராவின் காய்ச்சல் இறங்கியது. தினமும் துணி மாற்றும்போது மாணிக்கம் கதவருகே நிற்பார். மூன்றாம் வாரம் கால்களில் அவர் தோல் ஓரத்தில் கிளம்பத் தொடங்கியது. இதைத்தான் எதிர்பார்த்தோம், அவருக்கும் சொல்லியிருந்தோம். இருந்தாலும் ஒரு துண்டை நான் இடுக்கியால் தூக்கியபோது அவர் முகம் போன போக்கு எனக்குத் தாங்கவில்லை. “அடியில பாருய்யா” என்று அதட்டினேன். அடியில் இளஞ்சிவப்பாக அவள் தோல் பரவியிருந்தது. குனிந்து பார்த்தார். “இது பாப்பாவோடதா சிஸ்டர்?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

முதுகில் மட்டும் கொஞ்சம் இடம் மூடாமல் நின்றது. அதை மூடினால் வீட்டுக்குப் போகலாம். சீஃப் கட்டிலருகே நின்று யோசித்தார். மாணிக்கம் அதற்குள் வேட்டியை ஒதுக்கி வலது தொடையைக் காட்டினார். “இது ஆறிப்போச்சு சார். இங்கயே மறுபடி எடுங்க. நான் இப்பவே வர்றேன்.”

“உன்னோடது ஒட்டாது மாணிக்கம். இது கடைசி. அவளோடதுதான் வேணும்.”

“கொழந்த சார். அந்த வலி எனக்குத் தெரியும் சார்.” கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஏற்கெனவே ஒரு தபா எடுத்தீங்க. இன்னும் எத்தினி தபா சார்? என்னுது எடுங்க. உரிஞ்சா மறுபடி எடுங்க. நான் எங்க போய்டப் போறேன்?”

சீஃப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குப்புறப் படுத்திருந்த பவித்ரா தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.

“அப்பா, நீ சும்மா இரு. நீ எப்டி நடக்குறன்னு நான் பாத்துக்கினுதானே இருக்கறேன்” என்றாள். பிறகு பாவாடையை மெல்ல மேலே இழுத்து, ஆறிய தொடையில் தன் சின்ன உள்ளங்கையை வைத்து, சீஃபிடம் சொன்னாள். “இங்க எடுத்துக்கோங்க டாக்டர். எனக்கு வந்துடும்.”

மாணிக்கம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சீஃப் குனிந்து அவள் கையின் மேல் தன் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் ட்ராலியைக் கொண்டுவரப் போனேன்.